திரை வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களான ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்துப் படங்கள் பார்த்தோம். ஒன்பது படங்களைப் பற்றிய குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, பிள்ளைகளுக்குத் திரையிடலாமா என்று மூன்று கூட்டங்களில் பேசியும் முடிவு காணாத ‘ஜெய் பீம்’ படத்தைப் பற்றி.

த.செ.ஞானவேல் இயக்கி 2021-இல் வெளிவந்த இப்படம், 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் காவலில் இறந்த ராசாக்கண்ணுவின் வழக்கிலிருந்து பிறந்தது. பத்தாம் வகுப்பில், உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து நீதிப்பேராணைகளையும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு. அந்தச் சொல்லுக்கு உயிர் வருவது, செங்கேணி தன் கணவனைத் தேடி உயர் நீதிமன்றப் படியேறும்போதுதான். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று காவல்துறை சொல்லும் இடத்தில் மனு முடங்கியிருக்க வேண்டும். வழக்கறிஞர் சந்துரு, போலீஸ் காவலில் மாண்ட மாணவர் ராஜனுக்காகக் கேரளத்தில் நடந்த ஆட்கொணர்வு வழக்கை எடுத்துக்காட்டிச் சாட்சிகளை விசாரிக்க அனுமதி பெறுகிறார். சட்டம் கற்பிக்க இதைவிட நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் இருளர்களைக் காவலர்கள் அடிக்கும் லாக்கப் காட்சி ஓடியபோது நம் கணித ஆசிரியை எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. “என் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் சார். இந்தக் காட்சி ஓடும்போது மற்ற பிள்ளைகள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்?” என்றார். படத்தை முழுமையாகத் திரையிட வேண்டும் என்று அதுவரை வாதாடிய நான், அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையில் ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியிருக்கிறது. திரையில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் நீதி கிடைத்துவிடுகிறது. உண்மை வழக்கில் காவலர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2006-இல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள் ஓடின.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை இது: சித்திரவதைக் காட்சிகள் வேண்டாம். கிளைச்சிறை வாசலில் விடுதலையானவர்களைச் சாதி கேட்டுப் பிரிக்கும் தொடக்கக் காட்சியையும் நீதிமன்றக் காட்சிகளையும் மட்டும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் காட்டலாம். பாடவேளையில் பாதியைப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி எழுப்பிக் கருத்துக் கேட்கக் கூடாது.

இப்பரிந்துரையை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்