கட்டணம் கட்ட முடியாத பிள்ளையும் ஆடட்டும்: அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் தகப்பன் எழுதுகிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதிலிருந்து கிளப் அணியில் ஆடுகிறான். அதே அணியில் இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஹோண்டுராஸ் குடும்பத்துப் பையன் ஒருவன் சென்ற பருவத்தோடு நின்றுவிட்டான். பந்தைக் காலோடு ஒட்டவைத்தபடி அவனைப்போல் ஓடும் பிள்ளையை எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. அவனுக்குக் காயம் ஏதுமில்லை, ஆசையும் குறையவில்லை. கிளப் கட்டணம், சீருடை, வெளியூர்ப் போட்டிகளுக்கான பயணம், விடுதி வாடகை என்று ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகிவிடுகிறது. கூரை வேலைக்குப் போகும் அவன் அப்பா தவணையில் கட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். கிளப் ஒத்துக்கொள்ளவில்லை.

தேசிய அணி எப்போது உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போகும் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் நாடே கேட்கிறது. நானும் கேட்கிறேன். 1930இல், முதல் உலகக் கோப்பையிலேயே அரையிறுதி ஆடிய நாடு இது. 2002இல் போர்ச்சுகலையும் மெக்சிகோவையும் வென்று காலிறுதியில் ஜெர்மனியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றோம். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 10 அன்று, டிரினிடாடின் கூவா திடலில் அந்நாட்டு அணியிடம் 2-1 என்று தோற்று 2018 உலகக் கோப்பைக்கே தகுதி பெறாமல் போனோம். அமெரிக்கக் கண்டத்து நாடுகள் மோதும் கோபா அமெரிக்கா போட்டியை 2024இல் சொந்த மண்ணில் நடத்தினோம். பனாமாவிடமும் உருகுவேயிடமும் தோற்றுக் குழுச் சுற்றிலேயே வெளியேறினோம். உடனே பயிற்சியாளரை மாற்றினீர்கள். புதிதாக வந்த பொச்செட்டினோ திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்து வந்து சேர்பவர்களை வைத்துத்தான் எந்தப் பயிற்சியாளரும் அணி அமைக்க முடியும். வராமலே போனவர்களை அவர் எங்கே தேடுவார்?

ஆட்டத்துக்கு ஆதரவு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1996இல் பத்து அணிகளோடு தொடங்கிய, இங்குள்ள தொழில்முறைக் கால்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கரில் 2025இல் முப்பது அணிகள். 2023இல் மெஸ்ஸி இன்டர் மயாமி கிளப்புக்கு வந்த பிறகு எங்கள் தெருவில் அந்த அணியின் இளஞ்சிவப்புச் சட்டை போடாத பிள்ளை இல்லை. 2026 உலகக் கோப்பையின் 104 ஆட்டங்களில் 78 இந்த நாட்டுக்கு. அதில் 9 எங்கள் டாலஸ் பகுதிக்கு, வேறெந்த நகரையும்விட அதிகம்.

நம் தேசிய அணியின் முன்னாள் வீரர் கிளின்ட் டெம்ப்சியை நினைத்துப் பாருங்கள். டெக்சஸின் நாகடோச்சஸ் ஊரில் மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு பந்தாடி வளர்ந்தவர். டாலஸ் கிளப்பில் பயிற்சி பெற அவருடைய பெற்றோர் மூன்று மணி நேரம் கார் ஓட்டினார்கள். செலவு தாங்காமல் ஒரு கட்டத்தில் கிளப்பை விட வேண்டியதாயிற்று. உடன் ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் கைகொடுத்ததால்தான் திரும்பி வந்தார். பிற்பாடு நாட்டுக்காக 57 கோல் அடித்து, இன்னொரு முன்னாள் வீரர் லாண்டன் டோனவனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பெற்றோருக்கு மனமில்லாமல் போயிருந்தால் அந்த 57 கோல்களும் இல்லை. ஒரு தேசிய அணியின் எதிர்காலத்தை அக்கம்பக்கத்தாரின் இரக்கத்திடம் விட்டுவைக்கலாமா?

கிளப்புகளை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. பல நாடுகளில் ஏழைச் சிறுவனை இலவசமாகப் பயிற்றுவிக்கும் சிறு கிளப்புக்கு அந்த வரவு ஒரு நம்பிக்கை. இங்கே வழக்குகளையும் சட்டச் சிக்கலையும் காரணம் காட்டி அந்த விதியை நீங்கள் வெகுகாலம் செயல்படுத்தவில்லை. வேறு வருமானம் இல்லாத கிளப் பெற்றோரின் பையில்தான் கைவைக்கும்.

மகளிர் அணி நான்கு உலகக் கோப்பைகளை வென்றது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கல்வி நிலையங்களில் பெண்களுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளித் திடல்களையும் கல்லூரித் திடல்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. அப்போது பலருக்கு அது வீண் செலவாகத்தான் தெரிந்தது.

உலகக் கோப்பையால் உங்களுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதியைக் குடும்ப வருமானம் குறைந்த பிள்ளைகளின் கிளப் கட்டணத்துக்கென ஒதுக்கி, கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். வளர்த்த கிளப்புக்குச் சேரவேண்டிய 5 விழுக்காட்டை வாங்கித் தரும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் கட்டிச் சேரும் முகாம்களில் மட்டும் நிற்கும் உங்கள் தேர்வாளர்களை, குடியேறிய மக்கள் ஆடும் ஞாயிறு லீக் திடல்களுக்கும் அனுப்புங்கள்.

அந்தப் பையன் இப்போதும் ஆடுகிறான். ஞாயிறு மாலைகளில் அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்தரையில், இரண்டு புத்தகப் பைகளைக் கோல் கம்பமாக வைத்து ஆடுகிறார்கள். என் மகனும் அங்கேதான் போகிறான். உங்கள் தேர்வாளர் ஒருவர் வந்தால் நானே அழைத்துச் செல்கிறேன். பையனின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்காது. இடது ஓரத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
டாலஸ் புறநகரிலிருந்து ஒரு தகப்பன்