கண்ணகை என்ற பெயரும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரியை ஒட்டி உங்கள் பத்திரிகையில் ஆதிபராசக்தியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். தேவி மாகாத்மியத்தின் 13 அத்தியாயங்களையும் சுருக்கி, மகிடாசுரன் வதம், சும்ப நிசும்பர் வதம் எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் இடையில் வந்த ஒரு வரி என்னை உறுத்திவிட்டது. எங்கள் ஊர்களில் சிறுதெய்வங்களாக இருந்த அம்மன்கள் பிற்காலத்தில் பராசக்தியாக உயர்ந்தார்கள் என்று எழுதியிருந்தது. உயர்ந்தார்கள் என்றால் அதற்கு முதல் யாராக இருந்தார்கள்?

எங்கள் ஊர்க் கோவிலில் இன்றைக்கு இருப்பவள் ராஜராஜேஸ்வரி. என் அம்மம்மாவுக்கு அவள் கடைசிவரை கண்ணகைதான், சிலப்பதிகாரத்துக் கண்ணகிதான். எனக்கு ஏழு வயதில் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், வந்தது. பாயில் வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்திவிட்டு, வேப்பங்குழையால் மெல்ல வருடியபடி, "கண்ணகைத் தாயே, என்ர பிள்ளையைப் பார்த்துக் கொள்ளணை" என்று இரவிரவாகச் சொல்லிக்கொண்டிருந்தா. வருத்தம் மாறி மூன்றாம் தண்ணீர் வார்த்த அன்று கோவிலுக்குக் கூட்டிப்போய், புதுப்பானையில் பொங்கி, இலையில் படைத்தா. பொங்கல் பொங்கி வழிந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு அவ கைகூப்பிய விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவ கும்பிட்டது ஒரு சிறுதெய்வத்தை என்று எனக்குச் சொல்ல வராது.

கண்ணகை இந்த மண்ணுக்கு நேற்று வந்தவள் அல்ல. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மக்களுக்கும் அவள் பத்தினித் தெய்வம். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் பவனி வரும் நான்கு தெய்வக் கோவில்களில் ஒன்று அவளுடையது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில்தான் பெயர் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் கோவில்களில் உயிர்ப்பலியைக் கண்டித்தார். அது பெரிய புண்ணியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் கண்ணகி சமண வணிகர் குலத்துப் பெண், சைவர் அவளைக் கும்பிடலாமா என்ற கேள்வியும் அதோடு வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பல கண்ணகை கோவில்கள் ஆகமப் பூசையோடு ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின.

ஆகமப் பூசை நடக்கட்டும், ராஜராஜேஸ்வரி என்ற பெயரும் இருக்கட்டும். பழைய பெயரை ஏன் மறைக்க வேண்டும்? தேவி மாகாத்மியத்தின் 10ஆம் அத்தியாயத்தையே பாருங்கள். மற்றவர்களுடைய பலத்தை நம்பியல்லவா போர் செய்கிறாய் என்று சும்பன் ஏசுகிறான். "இந்த உலகில் நான் ஒருத்தியே இருக்கிறேன், எனக்கு இரண்டாவது யார்?" என்று தேவி கேட்கிறாள். அந்த நொடியே பிராமணி முதலான சக்திகள் எல்லாம் அவளுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. அப்படி எல்லாம் ஒருத்திக்குள் ஒடுங்கும்போது கண்ணகை மட்டும் எப்படி வெளியே நிற்பாள்? அபிராமிப் பட்டரும் ஒரே பாட்டில் "கறைக்கண்டனுக்கு மூத்தவளே" என்கிறார், அடுத்த மூச்சில் "மூவா முகுந்தற்கு இளையவளே" என்கிறார். மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே. லலிதா சகஸ்ரநாமத்தின் ஆயிரம் பெயர்களில் முதல் பெயர் ஸ்ரீமாதா. மகாராணி என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்கள் சனம் அம்மாளாச்சி என்று கூப்பிடுவதும் அந்த முதல் பெயரைத்தானே?

முல்லைத்தீவு வற்றாப்பளையில் அவள் இன்றும் கண்ணகிதான். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் அள்ளுப்பட்டுப் போகிறது. அங்கே கும்பிடுகிற ஒருவராவது அவளைப் பராசக்தியிலும் குறைந்தவளாக நினைப்பாரா?

எங்கள் கோவிலின் கும்பாபிஷேக மலரைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். கண்ணகை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சபையில் உள்ள ஒருவரிடம் கேட்டேன். "அது பழைய கதை, பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். என் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்ப அம்மாளுக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டாள். ஓமெனச் சொன்னேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள்.

பெயர் மாறிய கோவில்களின் சபையினரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: தல வரலாற்றிலும் வாசல் பலகையிலும் பழைய பெயரையும் ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வைகாசிப் பொங்கலையும், கோவிலில் கோவலன் கதை படித்ததையும் கண்ட ஆச்சிமார் இன்னும் சிலர் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டெழுத வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் 85 வயதுக்கு மேல். ஆள் அனுப்பினால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்து வாசகி ஒருத்தி,
யாழ்ப்பாணம்.