ஏ.ஐ. கட்டுப்பாடு: அறிக்கை போதாது, தகவல் சொல்லும் கடமை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவை உலக நாடுகள் கூடிப் பேசிக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். சரி, யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் நாலு மாநாடு கூட்டினால் நாடுகளுக்குள் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்கிற தொனி அதில் இருந்தது, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏ.ஐ. பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கா, சீனா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே அறிக்கையை ஏற்றுக்கொண்டன. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் பிரான்ஸும் இந்தியாவும் சேர்ந்து தலைமை தாங்கிய பாரிஸ் மாநாட்டு அறிக்கையில் சேர அமெரிக்காவும் பிரிட்டனும் மறுத்துவிட்டன. இடையில் 2024 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் பெருவில் சந்தித்தபோது, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும், ஏ.ஐ.யிடம் போகக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதைச் சரிபார்க்க என்ன வழி என்பதை இருவருமே சொல்லவில்லை.

ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத நாடுகள்கூட உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். ராஜீவ் காந்தி, பெனசிர் பூட்டோ காலத்தில், 1988 டிசம்பர் 31 அன்று, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, மும்பை, புல்வாமா, 2025 மே சண்டை எல்லாம் வந்தன, பட்டியல் மட்டும் நிற்கவில்லை. பட்டியல் முழுசாக இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அந்தக் குறை உண்டு. இருந்தாலும் கிரிக்கெட்கூட விளையாடப் போகாத நாட்டோடு இந்த ஒரு வேலை இத்தனை வருடமாக நடக்கிறதே!

இன்னொன்று செர்னோபில். 1986 ஏப்ரல் 26-ல் உலை வெடித்தது, சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி அலறியது, அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த செப்டம்பருக்குள்ளேயே, எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய அணு விபத்து நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை தயாராகி, சோவியத்தும் அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டன. ஏ.ஐ.யில் சிக்கலே இங்கேதான். ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாடல், அதாவது பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஏ.ஐ. மென்பொருள், திருடுபோனாலோ, கட்டுப்பாட்டை மீறி எதையாவது செய்தாலோ, பக்கத்து நாட்டுக்காரர் காலணியில் எதுவும் ஒட்டாது. அவர்களாகச் சொன்னால்தான் உண்டு.

அதனால் பெரிய உலக ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காமல் இரண்டு சின்ன ஏற்பாடுகளில் ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. ஆபத்தான சம்பவம் நடந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் மற்ற நாடுகளுக்குத் தெரிவிப்பது ஒன்று. பெரிய மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கணினி மையங்களின் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை பரிமாறிக்கொள்வது இன்னொன்று. மென்பொருளை ஒளித்துவைக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கான சிப்புகளும் ஓர் ஊருக்கு வேண்டிய மின்சாரமும் தேவைப்படும் கட்டடத்தை ஒளிப்பது அவ்வளவு சுலபமில்லை.

சோதனைக்கு ஆள் அனுப்புவதெல்லாம் அப்புறம். அதில் நாமும் யோக்கியம் பேச முடியாது. எங்கள் கூடங்குளம் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன, கல்பாக்கம் அதிவேக ஈனுலையை நாம் அதில் சேர்க்கவில்லை. கதவு திறக்க ஒரு நாடு எவ்வளவு தயங்கும் என்று நமக்கே தெரியும்.

2026 பிப்ரவரியில் டெல்லியில் மாநாடு நடத்திய நாடு என்ற முறையில், ஏ.ஐ. கட்டுப்பாடு பற்றி ஐ.நா. கூட்டும் உரையாடலில் இந்த இரண்டையும் இந்தியா எழுத்தில் முன்வைக்க வேண்டும். முன்வைக்குமா என்று நம் எம்.பி.க்களில் ஒருவராவது நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். கேள்வியையும் அரசின் பதிலையும் உங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி