எந்த டர்போ போடுவது, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்திருக்கிறாள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. பட்டறைக்கு அடுத்த ஆள் வந்தாச்சு.

என் 1997 டாட்ஜ் ராம் பிக்கப்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன் இல்லையா, அதில் இருப்பது நீ நாமக்கல்லில் எத்தனையோ டாடா லாரிகளில் பிரித்துப் பூட்டிய அதே ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 5.9 தான். பம்பில் டீசலைக் கூட்டி, இன்ஜெக்டரையும் மாற்றியாகிவிட்டது. எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மட்டும், கம்பெனியில் வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35, அப்படியே இருக்கிறது, இப்போது அதுதான் இடைஞ்சல். டென்வரிலிருந்து ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும்போது எக்ஸாஸ்ட் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலுமினிய பிஸ்டன் ஆயிற்றே, உருகிவிடுமோ என்று பயந்து காலை எடுத்துவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2800 ஆர்பிஎம்மில், 30 பிஎஸ்ஐ பூஸ்டில் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) இந்த இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 22 கிலோ காற்றை இழுக்கும். ஒரு கிலோ டீசலுக்கு 20 கிலோ காற்று கிடைத்தால் புகை அடங்கும் என்று வைத்துக்கொண்டால் 400 குதிரைத்திறன் வரை வரும், கடல்மட்ட உயரத்தில் எச்எக்ஸ்35 இதை எப்படியோ முக்கிக் கொடுத்துவிடும். ஆனால் சுரங்கம் இருப்பது 3,400 மீட்டர் உயரத்தில், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மீட்டரில் அதே 30 காட்ட, கடல்மட்டத்தில் காற்றை மூன்று மடங்கு அழுத்தினால் போதும், மேலே நான்கு மடங்கு அழுத்த வேண்டும். எச்எக்ஸ்35இன் 54 மில்லிமீட்டர் காற்றழுத்தும் வீல் அதற்காக எல்லை மீறிச் சுற்றும், காற்றும் கூடவே கொதிக்கும்.

இங்கே பலரும் 66, 67 மில்லிமீட்டர் வீல் உள்ள டர்போ போடு, பவர் கொட்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுமையோடு கிளம்பும்போது பூஸ்ட் ஏறும்வரை கரும்புகை கக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் எத்தனை நிமிடம் சூடேறாமல் இழுக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் போர்க்வார்னர் எஸ்300 வகையில் 62 மில்லிமீட்டர் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் நுழைந்து சுற்றும் கூடு, அதாவது டர்பைன் ஹவுசிங்தான் குழப்பம். 12 சதுர சென்டிமீட்டர் வழி உள்ளதைப் போட்டால் சீக்கிரம் எழும்பும், ஆனால் எக்ஸாஸ்ட் வெளியேற வழியில்லாமல் பின்னழுத்தம் கூடும். 14 போட்டால் கொஞ்சம் தாமதம், மூச்சு தாராளம்.

உண்மையில் ஆசை ஒன்றுக்குப் பின் ஒன்றாக அழுத்தும் இரட்டை டர்போ மேல்தான். பெரியது இரண்டு மடங்கு அழுத்தி, இருக்கிற எச்எக்ஸ்35 இன்னொரு இரண்டு மடங்கு அழுத்தினால் நான்கு, இரண்டுமே நிதானமாகச் சுற்றும். பைப் வேலையும் செலவும் இப்போது தாங்காது. அப்புறம் அந்த அழுத்தத்தில் ஹெட் தூக்காமல் இருக்க, ஹெட் போல்ட்டையும் வலுவான ஸ்டட்டாக மாற்ற வேண்டி வரும்.

முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு பிரஷர் மீட்டர் பூட்டப்போகிறேன், பின்னழுத்தம் பூஸ்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் சுமை ஏற்றிய வண்டியைப் பார்த்தவன் நீ. 12ஆ, 14ஆ? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், யோசித்து வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை