குழந்தையே குச்சிக் கட்டைப் பிரிக்கட்டும்

ஆசிரியருக்கு,

மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் கணக்கை விளையாட்டாகச் சொல்லித்தர விலையுயர்ந்த பெட்டிகள் வேண்டாம். நால்வர் குழுவுக்கு 100 ஐஸ் குச்சி, 10 ரப்பர் பேண்டு போதும். 42-இல் 17 கழிக்க, நான்கு பத்துக்கட்டும் (பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டியது) இரண்டு உதிரியும் எடுக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி 12 ஆகும். அந்தக் கட்டைப் பிரிப்பது குழந்தையின் கையாக இருப்பது முக்கியம். ஆசிரியரே கட்டிப் பிரித்துக் காட்டும் வகுப்பில் 'கடன் வாங்குதல்' மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது.

பரமபதத்தில் காய் நிற்கும் கட்டத்தையே 'ஒன்று' என எண்ணுவது வழக்கமான பிழை. காய் நகரும்போதுதான் எண்ண வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

மராத்தியில் 59 'ஏகோண்சாட்', அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. தமிழிலோ ஐம்பத்தொன்பது: ஐந்து கட்டு, ஒன்பது உதிரி என்பது பெயரிலேயே இருக்கிறது! வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளை முதலில் தமிழில் எண்ண விடுங்கள். பெயரில் 'ஒன்பது' இல்லாமல் 'நூறு' போல ஒலிக்கும் தொண்ணூறில் தடுமாறக்கூடும். ஒன்பது கட்டுகளை அடுக்கிப் பலமுறை சொல்ல வைக்க வேண்டும்.

40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 1,000 குச்சிகள் தேவை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே மாநகராட்சி இவற்றை வழங்க வேண்டும்.

தொடக்கப்பள்ளிக் கணித ஆசிரியர்கள் சிலர்,
தாராவி, மும்பை