பத்தாண்டு விசா வேறு, தங்கும் கெடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர், பி1/பி2 எனப்படும் பார்வையாளர் விசாவில் உள்ள பத்தாண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு மெத்தனமாக இருந்துவிடுகிறார்கள். அந்த விசா, அங்கே போய் இறங்கி உள்ளே விடும்படி கேட்பதற்கு மட்டும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரி முடிவு செய்கிறார். அந்தக் கெடு 'ஐ-94' பதிவில் இருக்கும். 2013 முதல் விமானப் பயணிகளுக்கு இதைக் காகிதமாகத் தருவதில்லை. அரசின் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் எண் கொடுத்து நாமே எடுக்க வேண்டும்.

வீடு சேர்ந்த மறுநாளே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் ஆறு மாதம் போடுவார்கள். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியாவதாக இருந்தால், அந்தத் தேதியோடு கெடுவை முடித்துவிடுவதும் உண்டு. கணவன், மனைவி இருவருடையதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டிக்கெட்டில் இன்னொரு சிக்கல்: மார்ச் 10-இல் இறங்கியவருக்குக் கெடு பெரும்பாலும் செப்டம்பர் 9 என்றிருக்கும். அன்றிரவு வீட்டிலிருந்து கிளம்பினாலும், விமானம் நள்ளிரவு 12.30-க்கு என்றால் அது செப்டம்பர் 10 கணக்கு. ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்தாண்டு விசா செல்லாது. அடுத்த பயணத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

180 நாளுக்கு மேல் கெடு மீறித் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டுகளும் உள்ளே நுழையத் தடை. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு வாரம் போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அத்தகைய குறுகிய பயணத்துக்குப் பிறகு பழைய கெடுவே தொடர்வதுதான் வழக்கம்.

கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தால், கெடு முடிவதற்குள் 'ஐ-539' விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 45 நாள் முன்பே போடச் சொல்கிறது அரசு. 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். கணவனும் மனைவியும் ஒரே விண்ணப்பத்தில் சேரலாம். காகிதமாக அனுப்பினால் இரண்டாமவருக்கு 'ஐ-539ஏ' படிவமும் அதில் அவர் கையெழுத்தும் வேண்டும். ஏன் தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம், செலவுக்கு யார் பொறுப்பு, ஊரில் வீடு, ஓய்வூதியம் என என்ன பிடிப்பு இருக்கிறது என்பதற்கெல்லாம் ஆதாரம் இணைக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் கடிதம் அவசியம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதுவது எங்கள் கணிப்பில் பாதகமாகவே முடியும். ஆள் வைத்துச் செய்யும் வேலைக்காகத் தங்குவதுபோல் தோன்றும்.

உரிய காலத்தில் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை, தடைக்கான அந்த 180 நாள் கணக்கு ஓடாது. நிராகரித்துவிட்டால் மறுநாளே ஓடத் தொடங்கும். முடிவு வருவதற்குள் நாம் கேட்ட தேதியே கடந்துபோவதும் உண்டு. பதில் வரவில்லை என்று காத்திருக்காமல், கேட்ட தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

இந்த நீட்டிப்பு, விசா புதுப்பிப்பு ஆகாது. விசா தேதி முடிந்தால் டிஎஸ்-160 எனும் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, 185 டாலர் கட்டி, இந்தியாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025-இல் விதி இறுகிவிட்டது. பழைய விசா முடிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் நேர்காணல் விலக்குக்கு வழி உண்டு. முன்பு இது 48 மாதம்.

நீட்டிப்பு கேட்டிருந்தவர்கள் அதன் ரசீதையும், ஒப்புதல் வந்திருந்தால் அதையும், போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பயணத்தில் பழைய ஐ-94 தேதியைப் பார்த்து அதிகாரி கேள்வி கேட்டால் இவைதான் பதில். பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே இமிகிரேஷன் வந்துவிடும் என்பதால், இவற்றைக் கைப்பையில் வையுங்கள்.

– விசா விண்ணப்ப உதவியாளர்கள், திருச்சி