நியூபோர்ட்டில் ஒரு வீடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு, தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் டிவி பக்கமே யாரும் போவதில்லை.

உன் அக்கா மகன் பக்கத்து ஊர் கபடி அணிக்கு ஆடிக் காசு வாங்கியதை ஊரில் ஒரு மாதிரி பேசுகிறார்கள், உனக்கும் சங்கடமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. கொஞ்ச நாளாக நான் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் நாட்டின் ரக்பி (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் காலால் உதைத்தும் ஆடும் ஆட்டம்) வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1890களில் அங்கேயும் இதே பேச்சுதான். அந்தப் பேச்சு யாரைச் சுட்டது, யாரை விட்டது என்று பார்த்த பிறகு எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

ஆர்தர் கூல்ட் என்று ஒருவர், நியூபோர்ட்காரர். சின்ன வயதில் மரம் மரமாக ஏறியதால் 'மங்கி' என்றே பெயர். 1893 ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்தோடு ஆட்டம், இவர்தான் கேப்டன். தரை உறைந்து கல்லாகக் கிடந்தது. முந்தின இரவு முழுக்கத் திடல் நெடுகக் கணப்பு மூட்டிப் பனியை இளக்கினார்கள். நிலக்கரிக்கா அந்த ஊரில் பஞ்சம்! ஆட்டத்தில் வேல்ஸ் பின்தங்கியே இருந்தது. கூல்ட் இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டுத் தூக்கி நிறுத்தினார். கடைசி நேரத்தில் ஒரு பெனால்ட்டி. பந்தைத் தரையில் ஊன்றி உதைக்கச் சொல்கிறார் கூல்ட். உதைக்க வந்த வேல்ஸ் ஆட்டக்காரர் பில்லி பேன்கிராஃப்ட் கேட்கவே இல்லை. கையிலிருந்து நழுவவிட்டு, தரையில் பட்டு எழும்பிய நொடியில் உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. 12-11. அந்த ஆண்டே ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் தோற்கடித்து, மற்ற மூன்று நாடுகளையும் ஒரே பருவத்தில் வெல்லும் 'டிரிபிள் கிரவுன்' பெருமையை வேல்ஸ் முதல் முறையாகப் பெற்றது. 1881இல் பிளாக்ஹீத்தில் இதே இங்கிலாந்திடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் நொறுங்கிய அணி இது, நினைத்துப்பார்.

கூல்ட் ஓய்வை நெருங்கியபோது ரசிகர்கள் அவருக்காக ஷில்லிங் ஷில்லிங்காக நிதி திரட்டினார்கள். வேல்ஸ் ரக்பி சங்கமும் பணம் போட்டது. சேர்ந்த பணத்தில் நியூபோர்ட்டிலேயே அவருக்கு ஒரு வீடு. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் கொதித்தன: வீடு கொடுத்தால் அது கூலிதானே, இது காசு வாங்காதவர்கள் ஆடும் ஆட்டம் அல்லவா என்று. வேல்ஸ் அசையவில்லை. 1897இல் சர்வதேச ரக்பி வாரியத்தை விட்டே வெளியேறியது. ஈஸ்டர் திங்களன்று பெரிய விருந்து வைத்து வீட்டுப் பத்திரத்தை கூல்ட் கையில் கொடுத்தார்கள். 1898இல் மறுபடி வாரியத்தில் சேர்ந்தபோது கூல்ட் இனி நாட்டுக்காக ஆடமாட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீடு மட்டும் அவரிடமே இருந்தது.

இதை வெறும் விளையாட்டுச் சண்டையாக என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது வேல்ஸுக்குத் தலைநகர் கிடையாது, சட்டமன்றம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடும் சட்டம் 1881இல் தனியாக வந்தது, 1893இல் பல்கலைக்கழகம் வந்தது, அவ்வளவுதான். தன்னாட்சி கேட்ட 'கம்ரி வீத்' இயக்கம் 1896 ஜனவரியில் இதே நியூபோர்ட்டில்தான் உடைந்தது. தென் வேல்ஸ் லிபரல் கட்சிக்காரர்கள், அந்த இயக்கத்தை முன்னெடுத்த, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான லாய்ட் ஜார்ஜைச் சரியாகப் பேசக்கூட விடவில்லை. வேல்ஸின் வடக்கும் தெற்கும் அரசியலில் சேர முடியாமல் போன அந்த ஊரின் ஆட்டக்காரர் ஒருவருக்காக, அடுத்த வருஷம் ஒரு சங்கம் மற்ற நாடுகளை எதிர்த்து நின்றது. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. உனக்கு இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வேல்ஸின் ஸ்வான்ஸி ஊரில் டேவிட், எவன் என்று ஜேம்ஸ் சகோதரர்கள். செம்பு உருக்காலைத் தொழிலாளிகள், நாட்டுக்காக ஆடிய அருமையான ஹாஃப்-பேக் (முன்வரிசையிடமிருந்து பந்தை வாங்கிப் பின்வரிசைக்குக் கடத்தும் இடம்) ஜோடி. 1892இல் வடக்கு இங்கிலாந்தின் பிராட்டன் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போனார்கள். உடனே அவர்கள் மேல் 'காசுக்கு ஆடுகிறவர்கள்' என்ற முத்திரை. திரும்பி வந்து 1899இல் இங்கிலாந்தை 26-3 என்று வென்ற அணியில் ஆடிவிட்டு, மறுபடி வடக்கே போனார்கள். அவர்களுக்காக எந்தச் சங்கமும் எந்த வாரியத்தையும் விட்டு வெளியேறவில்லை. உலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பது தெரிந்தும், ஆட்டத்தை மட்டும் சும்மா ஆடு என்று தொழிலாளியிடம் சொல்வது என்ன நியாயம்? வடக்கு இங்கிலாந்துக் கிளப்கள் கேட்டதும் அந்த இழந்த கூலியைத்தான். கிடைக்காததால் 1895இல் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் வைத்தார்கள். வேல்ஸ் கிளப்கள் பிரியவில்லை, ஆட்டக்காரன் கையில் சத்தமில்லாமல் ஏதாவது வைத்து அழுத்தின. பேன்கிராஃப்டையே எடுத்துக்கொள்: வேல்ஸின் கிளமார்கன் மாவட்ட அணிக்கு கிரிக்கெட் ஆடினால் சம்பளம், யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே மனிதர் ரக்பி ஆடினால் மட்டும் காசைத் தொடக் கூடாது!

விதியை எழுதியவர்கள் ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாத வீட்டில் பிறந்தவர்கள் இல்லை, முருகேசா. அதனால்தான் மருமகனைத் திட்டாதே என்கிறேன்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, வேலைக்குப் போகாத நாளுக்கு என்ன தருவார்கள் என்று அணியை நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளட்டும். உன் முழங்கால் எப்படிப் போனது, அப்போது யார் வந்து பார்த்தார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். அப்புறம், அவன் அடுத்து எங்கே ஆடுகிறான் என்று தேதியோடு எழுது. விடுமுறைக்கு வரும்போது அதை ஒட்டியே டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
ராஜு